நாலாம் நம்பர் பம்ப்

மூன்றாம் நம்பர் பம்ப் ஆறு மில்லிலீற்றர்தான் துப்பியது.

தியாகலிங்கம் மருந்து அளக்கும் சிரப் மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆறுதான். ஒன்றாம் நம்பர் பத்து, இரண்டாம் நம்பர் பத்து, நாலாம் நம்பர் பத்து. இடையிலே இது மட்டும் ஆறு.

"இஞ்சாரும், மகாதேவி. ஒருக்கா இஞ்சை வாரும்."

"அடுப்பிலை பால் கிடக்கு. அங்கையிருந்தே சொல்லுங்கோ," என்றாள் மனைவி குசினிக்குள்ளிருந்து.

"மூண்டாவது பம்ப் குறையக் குடுக்குது."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? மிச்சத்தை நான் வந்து துப்பிறதோ?"

இவளிடம் சொன்னதற்கு மீனிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தியாகலிங்கம் மறுபடியும் மீன்தொட்டியின் கீழ்த்தட்டுக்குள் தலையை விட்டார்.

அளவு என்றால் அவருக்கு விளையாட்டில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருடம் மருந்து அளந்து கொடுத்தவர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் காய்ச்சல் அவருடைய கையால் இறங்கியது. ஒரு துளி கூடப் போனாலும் போத்திலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பார். பென்சன் எடுத்து எட்டு மாதமாகியும் மகாதேவி காப்பிக்குச் சீனி போட்டால் கரண்டியை எட்டிப் பார்ப்பார்.

மீன்தொட்டி அவருடையதில்லை. மருமகன் கஜீவனுடையது. அரியாலையில் இருக்கும் இந்த வீட்டை மகள் பிரதீபாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தபோது, மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வருவார் என்றுதான் தியாகலிங்கம் எதிர்பார்த்திருந்தார். மாப்பிள்ளை ஒரு சூட்கேசும் ஐந்தடி நீளத் தொட்டியுமாக லொறியில் வந்து இறங்கினார். தொட்டிக்குள் நல்ல தண்ணீரும் இல்லை, கடல் தண்ணீர். அதற்குள் கோடு போட்ட இரண்டு மீன். நடுவிலே ஒரு முட்டைக்கோவா அளவில் பச்சை நிறப் பவளம்.

பவளம் என்றால் கல் என்றுதான் தியாகலிங்கம் மாப்பிள்ளை வரும்வரை நினைத்திருந்தார். அதற்கு உயிர் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் வாய் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைச் சாப்பிட்டுத்தான் வளருகிறது என்று கேட்டபோது அவருக்கு ஒரே புதினமாகப் போயிற்று.

"வெத்திலை பாக்கில்லாமல் வெறும் சுண்ணாம்பையோ?" என்று மகாதேவி கேட்டாள்.

அந்தப் பிராணிக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் நாலு பம்ப். சின்னச் சின்னப் பம்ப். நாலு போத்தில்களிலிருந்து நாலு மருந்தை, ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குப் பத்துப் பத்து மில்லிலீற்றராகத் தொட்டிக்குள் விடும். அவற்றை மேய்ப்பது கன்ரோலர் என்ற ஒரு கறுப்புப் பெட்டி. அது இன்ரநெற்றோடு இணைந்திருப்பதால் கஜீவன் எங்கேயிருந்தாலும் போனிலேயே அதைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் ஒரு சங்கடம். பத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், கொடுத்திருக்கும் என்றுதான் அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையாகவே பத்து விழுந்ததா என்று ஒரு மனிசன் மூடியைப் பிடித்து அளந்தால்தான் தெரியும்.

அந்த மனிசன் இப்போது தியாகலிங்கம்தான். கஜீவன் கொம்பனி அலுவலாக நாலு மாதப் பயிற்சிக்கு நோர்வே போயிருந்தார். போகிற அன்று வாசலில் நின்று, "மாமா, தொட்டியை உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்," என்றார்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மாமனும் மருமகனும் கதைத்ததையெல்லாம் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீங்களோ மாமா?" "ஓம் தம்பி. நீர்?" "ஓம் மாமா." அவ்வளவுதான். சண்டையில்லை, சச்சரவில்லை. மரியாதைதான் பிரச்சினை. மருமகன் ஹோலுக்குள் வந்தால், பிள்ளை வசதியாக இருந்து ரீவி பார்க்கட்டும் என்று மாமனார் பேப்பரை மடித்துக்கொண்டு எழும்புவார். மாமனார் எழும்புவதைக் கண்டு, ஐயோ அவரைக் குழப்பிவிட்டேனே என்று மருமகன் அறைக்குத் திரும்பிவிடுவார். கடைசியில் ஹோலில் ரீவி தனியே பாடிக்கொண்டிருக்கும்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கதைக்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறது என்று தியாகலிங்கம் கலியாண வீட்டில் பெரிய ஆசையோடு இருந்தவர். அந்த ஆசை மரியாதைக்குள் மாட்டுப்பட்டு நின்றது. ஆகவே "உங்களை நம்பித்தான்" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் மூன்று கிழமை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

இப்போது அந்த நம்பிக்கையில்தான் நாலு மில்லிலீற்றர் குறைந்திருந்தது.

பின்னேரம் ஏழு மணிக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் மருமகனுக்குத் தானே போன் எடுத்தார்.

"தம்பி, பயப்பிடாதையும். எல்லாரும் சுகம். மூண்டாம் நம்பர் ஆறுதான் குடுக்குது."

"ஆறோ? அளந்தனீங்களோ மாமா?"

"மூண்டு தரம்."

மறுபக்கத்தில் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கஜீவனுடைய குரலே மாறிவிட்டது. மருந்து போகும் ரியூப் மடிந்திருக்கிறதா, போத்திலின் அடியில் தூள் படிந்திருக்கிறதா, பம்ப் சுற்றும்போது சத்தம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பம்பின் வயிற்றுக்குள் ஒரு சக்கரம் இருக்கிறது, அது ரியூபை நசித்து நசித்து மருந்தைத் தள்ளுகிறது என்று விளங்கப்படுத்தினார்.

"அப்ப மாட்டிலை பால் கறக்கிற மாதிரி," என்றார் தியாகலிங்கம்.

"அதேதான் மாமா. நான் இவ்வளவு நாளும் இப்பிடி யோசிக்கேல்லை."

இருபத்திரண்டு நிமிடம் கதைத்தார்கள். போனை வைத்துவிட்டு தியாகலிங்கம் கொப்பியில் பம்ப் அளவுக்குப் பக்கத்தில் "22 நிமி." என்று எழுதினார். ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த நாள் காலையில் அவர் தன்னுடைய ஆஸ்பத்திரி மூளையைப் பாவித்தார். சேலைன் மெல்ல ஏறினால் தாதிமார் என்ன செய்வார்கள்? போத்திலை உயர்த்திக் கட்டுவார்கள். ஆகவே மூன்றாம் நம்பர் போத்திலை ஒரு கயிற்றில் கட்டி, யன்னல் சீலை தொங்கும் கம்பியில் மாட்டிவிட்டார். பார்ப்பதற்கு மீன்தொட்டிக்கு வாந்திபேதி வந்து படுத்திருப்பது போலவே இருந்தது.

மூன்றாம் நம்பர் அன்றைக்குப் பதினெட்டுக் கொடுத்தது. பம்ப் நின்ற பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் தொட்டித் தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, மீன் கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு," என்றாள் மகாதேவி.

"மீன் உள்ளுக்குத்தானே நிக்குது, வேறை எப்பிடி இருக்கும்?" என்று அவளிடம் வீறாப்பாகச் சொன்னவர், அவள் குசினிக்குள் போனதும் போனைத் தேடினார். மருமகனுக்கு எடுத்தார்.

"போத்திலைக் கீழை இறக்குங்கோ மாமா," என்றார் கஜீவன். கோபிக்கவில்லை. "ரியூப் தேஞ்சு போச்சுப் போலை. தேஞ்ச ரியூப் அடைச்சுப் பிடிக்காது. உயத்தினால் மருந்து தன்ரை பாட்டிலை வடியும்."

"அப்ப என்னிலைதான் பிழை."

"இல்லை மாமா. நீங்கள் உயத்தினபடியால்தானே ரியூப் தேஞ்சது தெரிஞ்சுது."

என்ன பிள்ளை இவன். தியாகலிங்கம் போத்திலை இறக்கிக்கொண்டே கதைத்தார். நாற்பத்தொரு நிமிடம். நோர்வேயில் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, ரொட்டியையும் சீஸையும் தின்று நாக்குச் செத்துப்போயிற்று என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

தேய்ந்த ரியூபை மாற்ற வேண்டும். புது ரியூப் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தரம் மருமகனைக் கரைச்சல்படுத்துவதா? தியாகலிங்கம் நேரே சந்தியில் இருக்கும் கதிரவேலுவின் சைக்கிள் கடைக்குப் போய் ஒரு முழம் வால்வு ரியூப் வாங்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் வால்வு ரியூபால் திருத்த முடியாத சாமான் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய கொள்கை.

அது பிறந்து அவருடைய ஹோலிலேயே இருந்தது. மறுநாள் ஆறு மணிக்குச் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் வால்வு ரியூப் வெடித்தது. மருந்து நேரே கன்ரோலரின் பிளக்கில் பீச்சியது. "டப்" என்றொரு சத்தம். ட்ரிப் சுவிச் விழுந்தது. குசினிக்குள் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அறைக்குள் வங்கிக்குப் போகச் சேலை அயன் பண்ணிக்கொண்டிருந்த பிரதீபா வெளியே வந்தாள்.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பம்புக்குச் சின்னச் சத்திரசிகிச்சை."

"நோயாளி உயிரோடை இருக்கோ, போயிட்டுதோ?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டதே என்று அவர் பதறிக்கொண்டு போன் எடுத்தார். கஜீவன் அந்த நேரத்தில் நல்ல நித்திரையில் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எழும்பியிருந்து வீடியோவில் வந்தார். பிளக்கைத் துடைக்கச் சொன்னார். எந்தச் சுவிச்சை முதலில் போடவேண்டும் என்று சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாமா, எங்கடை அறை அலுமாரியிலை, கீழ் லாச்சிக்குள்ளை புது ரியூப் கிடக்கு. போய் எடுங்கோவன்," என்றார்.

"உங்கடை அறைக்குள்ளையோ? நான் எப்பிடித் தம்பி. பிரதீபா எடுத்துத் தருவள்."

"உங்கடை வீடுதானே மாமா."

"இல்லைத் தம்பி, அது உங்கடை வீடு."

இந்த மரியாதைச் சண்டை ஐந்து நிமிடம் நடந்தது. பிரதீபா இடையில் புகுந்து ரியூபை எடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பிறகு இரண்டு ஆண்களும் ஒரு மணியும் ஐந்து நிமிடமும் சேர்ந்து வேலை செய்தார்கள். தியாகலிங்கம் புது ரியூபைப் பூட்டினார். அளந்து அளந்து வாசித்தார். அவர் சொல்லச் சொல்ல கஜீவன் அங்கிருந்து கன்ரோலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒன்பது. ஒன்பதரை. பத்து.

மறுநாள் காலை பத்து, பத்து, பத்து, பத்து. தியாகலிங்கம் சுவாமியறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் ஏழு மணி.

"தம்பி, எல்லாம் பத்து."

"ஓ. எல்லாமோ மாமா?"

"எல்லாம். ஒரு துளி பிசகில்லை."

"அப்ப... சந்தோசம் மாமா."

"ஓம் தம்பி."

"வேறை ஒண்டும் இல்லையோ மாமா?"

"ஒண்டும் இல்லைத் தம்பி. எல்லாம் நல்லாயிருக்கு."

"சரி மாமா. பிரதீபாட்டைக் குடுங்கோவன்."

முப்பத்தெட்டுச் செக்கன். கொப்பியில் அதையும் எழுதினார். எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் சரிவந்துவிட்டது. சந்தோசப்பட வேண்டிய மனிசன் விறாந்தையில் போய் இருந்துகொண்டு தெருவைப் பார்த்தார். பென்சன் எடுத்த அன்றைக்குக்கூட அவருக்கு இவ்வளவு துக்கமாக இருக்கவில்லை.

அடுத்த நாளும் பத்துதான். போன் எடுக்க ஒரு முகாந்திரமும் இல்லை. சும்மா எடுத்துக் கதைப்பதற்கு அவர்கள் என்ன சிநேகிதரா? மாமனும் மருமகனும். ஒரு அலுவல் வேண்டாமா?

அதற்கு அடுத்த நாள் விடிய அவர் செய்ததைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொடியிலே மகாதேவி உடுப்புக்குப் போடும் கிளிப் ஒன்றை எடுத்துக்கொண்டுவந்து, இரண்டாம் நம்பர் ரியூபில் மெல்லக் கவ்வ விட்டார். முப்பத்துநாலு வருடம் ஒரு துளி பிசகாதவர்.

இரண்டாம் நம்பர் ஏழு கொடுத்தது. அது எதிர்பார்த்ததுதான். மற்றவற்றைச் சும்மா சடங்குக்காக அளந்தார். ஒன்று பத்து. மூன்று பத்து. நாலு?

பதின்மூன்று.

தியாகலிங்கம் அசந்துபோனார். நாலாம் நம்பரை அவர் தொடவேயில்லை. கிளிப் இருப்பது இரண்டில். இரண்டை நசித்தால் நாலு ஏன் கூடுகிறது? ஒன்றுக்கொன்று குழாய்த் தொடர்பு இல்லை, போத்தில் வேறு, ரியூப் வேறு. இரண்டுக்கும் நாலுக்கும் என்ன சொந்தம்?

ஏழு மணி எப்போது வரும் என்று பார்த்திருந்து போனை எடுத்தார்.

"தம்பி, திரும்பவும் குழம்பிப் போச்சு. ரெண்டு ஏழு. நாலு பதின்மூண்டு."

"ரெண்டோ?" என்றார் கஜீவன்.

"ரெண்டும் நாலும்."

"நாலை விடுங்கோ மாமா. ரெண்டுக்கு என்ன நடந்தது?"

"ரெண்டை விடும் தம்பி. அது ஏதோ தூசியாய் இருக்கும். நாலுக்குத்தான் எனக்குக் காரணம் விளங்கேல்லை."

"நாலு சில நேரம் அப்பிடித்தான் மாமா. ரெண்டுதான் யோசிக்க வேண்டிய விசயம்."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐம்பது நிமிடம் போனது. முடிவில் பேச்சு, இரண்டு பம்புக்கும் மருந்து சொல்லாமல், தியாகலிங்கம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவி இருமல் மருந்தைத் தலையில் தேய்த்துவிட்டு மயிர் வளருகிறதென்று நன்றி சொல்ல வந்த கதையில் போய் நின்றது. கஜீவன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

ஆனால் நாலாம் நம்பர் தியாகலிங்கத்தின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் பரிசோதனை செய்யத் தொடங்கினார். கிளிப்பை இரண்டிலிருந்து எடுத்து ஒன்றுக்குப் போட்டார். அடுத்த நாள் ஒன்று ஏழு. நாலு ஆறு. நேற்றுக் கூடியது இன்றைக்குக் குறைந்துவிட்டது. கிளிப் பக்கத்துக்குப் போனால் கூடும், தூரத்துக்குப் போனால் குறையும் என்று ஒரு சூத்திரம் எழுதினார். அதைச் சோதிக்கக் கிளிப்பை மூன்றில் போட்டார். சூத்திரத்தின்படி நாலு எகிற வேண்டும். அன்று பார்த்து நாலு அச்சொட்டாகப் பத்துக் கொடுத்தது. சூத்திரத்தை வெட்டினார்.

கறண்ட் ஏறி இறங்குவதால் இருக்குமோ? மகாதேவி மிக்ஸி போடும் நேரத்தைக் குறித்தார். பல்லி புகுந்திருக்குமோ? கீழ்த்தட்டுக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் காவல் இருந்தார்.

"ஆரைத் தேடிறியள்?" என்றாள் மகாதேவி.

"காரணத்தை."

"கண்டால் என்ரை ரெண்டு உடுப்புக் கிளிப்பையும் காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

ஆம், இதற்குள் கிளிப் இரண்டாகிவிட்டது. வெள்ளம் தலைக்கு மேலே போனபின் சாண் என்ன, முழம் என்ன?

பின்னேரக் கதை நாளுக்கு நாள் நீண்டது. கஜீவனுடைய தகப்பன் அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போதே போய்விட்டார் என்பது தியாகலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் அந்தத் தகப்பன் மகனை நெல்லியடிச் சந்தைக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய், ஒரு கிளாஸ் போத்திலுக்குள் மீன் வாங்கிக் கொடுத்தவர் என்பது மூன்றாவது கிழமையில்தான் தெரிந்தது. அன்றைக்குப் பம்பைப் பற்றி இருவரும் கதைக்கவே மறந்துபோனார்கள்.

"என்னோடை கதைக்க அவருக்கு நேரமில்லை," என்று பிரதீபா தாயிடம் முறைப்பாடு சொன்னாள். "ஒரு மணித்தியாலம் அப்பாவோடை பம்ப் பம்ப் எண்டு போட்டு, என்னட்டை வந்து நித்திரை வருது எண்டு சொல்லுறார்."

இப்படியே போயிருந்தால் நல்லது. ஆனால் இடையிலே ஒரு உயிர் இருக்கிறதே.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பவளம் தன்னுடைய வாய்களையெல்லாம் மூடிக்கொண்டது. பூப்போல விரிந்து ஆடிக்கொண்டிருந்தது சுருங்கி, வெறும் கல்லாக இருந்தது. நிறமும் மங்கியிருந்தது. மீன் இரண்டும் அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. தியாகலிங்கம் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். பத்து மணிக்கும் அது திறக்கவில்லை. பின்னேரமும் திறக்கவில்லை.

தன் ஆசைக்கு ஒரு வாயில்லாத சீவனை, இல்லை, நூறு வாயுள்ள சீவனைக் கொன்றுவிட்டேனே என்று நினைத்தார். கிளிப் இரண்டையும் கழற்றிக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

"தம்பி," என்றார் போனில். "அது வாயை மூடிப்போட்டுது."

வழக்கம்போல எது எவ்வளவு கொடுத்தது என்று கஜீவன் கேட்கவில்லை.

"மாமா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றார். அவருடைய குரல் சரியில்லை. "நெல்லியடியிலை வளர்ப்பு மீன்கடை வைச்சிருக்கிற ஜெரோசனுக்குப் போன் அடிச்சுச் சொல்லுறன். அவன் நாளைக்கு வந்து பாப்பான். அவனுக்கு எல்லாம் பிடிபடும்."

எல்லாம் பிடிபடும். அந்தச் சொல்தான் தியாகலிங்கத்தை அன்று சாப்பிடவிடாமல் செய்தது. பவளம் செத்தால் ஒரு துக்கம். அது பிழைத்து, கள்ளன் மாமனார்தான் என்று மருமகன் அறிந்தால் அது வேறு துக்கம். உங்களை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்ன பிள்ளை. திரும்பி வந்து என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. "சாப்பிட்டீங்களோ மாமா" என்றுமட்டும் கேட்கும். அதை நினைக்கத்தான் அவரால் முடியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெரோசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் எடுத்துத் துளித்துளியாக மருந்துவிட்டு நிறம் பார்த்தான். அவன் துளி எண்ணுவதைத் தியாகலிங்கம் மனதுக்குள் சேர்ந்து எண்ணினார். பிசகில்லாமல் எண்ணினான். ஆள் விசயகாரன் என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது.

"பவளத்துக்கு என்ன தம்பி? பிழைக்குமோ?"

"பிழைக்கும் ஐயா. செத்துப்போகேல்லை, கோவிச்சுக்கொண்டு நிக்குது. ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய எண்டு சாப்பாடு போட்டால் நீங்களும் வாயை மூடுவியள்தானே. ஒரு கிழமை ஒரே அளவாய்ப் போனால் திறக்கும்."

தியாகலிங்கம் கதிரையில் இருந்தார். பிழைக்கும். முதல் துக்கம் போயிற்று. இனி இரண்டாவது.

மகாதேவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஜெரோசன் அதை ஒரு மிடறு குடித்துவிட்டு, கீழ்த்தட்டுக் கதவைத் திறந்து டோர்ச்சை அடித்தான். பம்புகளை ஒவ்வொன்றாகச் சுற்ற விட்டான். அளந்தான். பத்து, பத்து, பத்து, பத்து.

"பம்புக்கு ஒரு நோயும் இல்லை ஐயா."

"அப்பிடியோ? நேற்றுவரை ஒரே குழப்பம்."

"ம்." ஜெரோசன் டோர்ச்சை ரியூபுகளுக்குக் கிட்டப் பிடித்தான். பிறகு ஒன்றைக் கழற்றி வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். "இதிலை பல்லு அடையாளம் கிடக்கு ஐயா. இதிலையும் கிடக்கு. மூண்டு ரியூபிலை இருக்கு."

"எலியாய் இருக்கும்."

"எலி இவ்வளவு நேர்கோட்டிலை கடிக்காது ஐயா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தியாகலிங்கத்துக்கு நெஞ்சு மட்டுமா, காது, கை, கால் எல்லாம் குறுகுறுத்தது. குசினிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கதிரையை இழுத்து ஜெரோசனுக்குக் கிட்டப் போட்டார். வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு வழக்கமில்லாத மனிசன், இரண்டு தரம் செருமினார்.

"தம்பி, அது நான்தான்."

ஜெரோசன் ரியூபைக் கையில் வைத்தபடி திரும்பினான்.

"உடுப்புக் கிளிப் போட்டனான். முதலிலை மூண்டாம் பம்ப் உண்மையாய்த்தான் பழுது. அதைத் திருத்திப்போட்டம். திருத்தின பிறகு கதை நிண்டுபோச்சு. மூண்டு வருசமாய் ஒரே வீட்டிலை இருக்கிறம் தம்பி, அந்தப் பிள்ளை சிரிச்சு நான் கேட்டதில்லை. பம்ப் பழுதாய் இருந்த நாளிலைதான் கேட்டன். அதுதான் ஆசையிலை..." அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். "நான் செய்தது களவுதான். ஆனால் நாலாம் நம்பரை மட்டும் நான் தொடேல்லை. சத்தியமாய் இல்லை. அது ஏன் அப்பிடிக் கூடிக் குறைஞ்சதெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை."

ஜெரோசன் ரியூபைத் திரும்பப் பூட்டினான். டோர்ச்சை அணைத்தான். அவன் குனிந்து பையை ஒழுங்குபண்ணும்போது தோள் குலுங்குவதுபோல இருந்தது. இருமுகிறான் என்று தியாகலிங்கம் நினைத்தார்.

"உம்மட்டை ஒண்டு கேக்கிறன் தம்பி. மருமோன் கேட்டால் வேறை என்னத்தையும் சொல்லும். கிழவனுக்குக் கண் தெரியாது, அளக்கத் தெரியாது எண்டு சொல்லும், நான் கோவிக்கமாட்டன். ஆனால் இதை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதையும்."

ஜெரோசன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்:

"நாலாம் நம்பரை அங்கையிருந்து போனிலை கூட்டிக் குறைச்சது தான்தானாம், மாமாவோடை கதைக்க வேறை சாட்டுக் கிடைக்கேல்லையாம், மாமாக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டு கஜீவன் அண்ணையும் நேற்று என்னை இப்பிடித்தான் கெஞ்சினவர் ஐயா."